பழி சுமந்த பம்பு

திருவனந்தபுரத்துக்கு டீசல் பம்பு கூட்டமாக வந்து இறங்கியது 1938-ல். அந்த ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி, திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையை மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் பலராம வர்மா தொடங்கி வைத்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த 60 காமர் சேஸிகள்தான் துறையின் முதல். ஒவ்வொன்றிலும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினின் விலாவிலும் இரு கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி, அதுதான் பம்பு. பாடி கட்டியது துறையின் சொந்த ஆட்கள். பணிமனை அப்போது சாக்கையில் இருந்தது. பின்னாளில்தான் பாப்பனங்கோட்டுக்கு மாறியது. தொடக்க நாளன்று முதல் வண்டியில் மகாராஜாவும் உறவினரும் பயணிகளாக உட்கார, ஓட்டியவர் துறையின் கண்காணிப்பாளர் ஈ. ஜி. சால்ட்டர். கவடியார் வரை ஊர்வலம் போனது. மறுநாளே நாகர்கோவில் தடத்தில் பொதுமக்களுக்கான ஓட்டம் தொடங்கியது.

சால்ட்டர் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்தவர். 1937 செப்டம்பரில் திருவிதாங்கூர் அரசு அவரை அமர்த்தியது. லண்டன் அந்த ஆண்டுகளில் பேருந்துகளைப் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாற்றிக்கொண்டிருந்த நகரம். தென்னிந்தியச் சாலைகளில் அப்போது ஓடிய பேருந்துகளில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். அவற்றின் நோய் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது: பிளக்கில் கரண்ட் வருகிறதா, கார்புரேட்டரில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று இரண்டு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். டீசலில் பிளக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. அந்த இரண்டின் பொறுப்பும் விலாவில் இருக்கும் பெட்டியின் தலையில் விழுந்தது. பொறுப்பு விழுந்த இடத்தில் பழியும் விழும். வண்டி இழுக்கவில்லை என்றாலும், புகைத்தாலும், காலையில் கிளம்ப மறுத்தாலும் முதல் சந்தேகம் பம்பின் மேல்தான். இந்தத் தொழிலின் வரலாற்றில் பாதி, அந்தச் சந்தேகம் எத்தனை முறை தவறு என்று கற்றுக்கொண்டதன் வரலாறு.

பெட்டி வந்த வழியும் சற்று நீளமானது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் இன்றைய பொருளில் பம்பு இல்லை. அழுத்திய காற்றின் பலத்தால் எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அந்தக் காற்றை அழுத்துவதற்கே ஒரு கம்ப்ரெசர் வேண்டும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி, லாரிக்குக் கட்டுப்படியாகாது. காற்றை விட்டுவிட்டு எண்ணெயையே நேரடியாக அழுத்திப் பீச்சும் முறை பல கைகளில் வளர்ந்தாலும், அதைச் சந்தைச் சரக்காக்கியவர் ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் பாஷ். 1922-ல் முடிவெடுத்து, 1927 நவம்பர் கடைசியில் தொடர் உற்பத்தியைத் தொடங்கினார். 1934-க்குள் ஒரு லட்சமாவது பம்பு வெளிவந்துவிட்டது. பிரிட்டனில் லூகாஸின் சி.ஏ.வி. நிறுவனமும் பாஷும் 1931-ல் கூட்டுச் சேர்ந்தன. 1937-ல் பாஷின் பங்கை லூகாஸ் வாங்கிக்கொண்டது. பீட்டர்பரோவில் பெர்கின்ஸ் நிறுவனம் பிறந்ததே 1932-ல்தான். ஆகத் திருவனந்தபுரத்துக்கு வந்த எஞ்சின் ஐரோப்பாவிலேயே இளம் சரக்கு. 

பெட்டிக்குள் நடப்பதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஆறு சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பேரல். அதற்குள் ஏறி இறங்கும் தண்டு பிளஞ்சர். இரண்டையும் சேர்த்து மெக்கானிக்குகள் எலிமென்ட் என்பார்கள். கீழே கேம் ஷாஃப்ட் சுழன்று பிளஞ்சரை மேலே தள்ளும். மேலிருக்கும் டீசல் அழுத்தம் பெற்று, டெலிவரி வால்வைத் தூக்கி, தடித்த இரும்புக் குழாய் வழியே நாசிலுக்கு ஓடி, 200 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய நிலையில் மூடுபனியாகச் சிதறும். பிளஞ்சர் ஏறும் தூரம் எப்போதும் ஒன்றுதான். அப்படியானால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டீசல் எப்படிக் கூடுகிறது? பிளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. ராக் என்ற பல் சட்டம் நகர்ந்தால் பிளஞ்சர் தன்னைத்தானே சற்றுத் திருப்பிக்கொள்ளும். சாய்வு வெட்டு பேரலின் துளையை முந்தியோ பிந்தியோ எட்டும். எட்டிய கணத்தில் அழுத்தம் கழன்று பீச்சல் நின்றுவிடும். இவ்வளவுதான் சூட்சுமம். ஒரு குத்துக்குப் போகும் டீசல் ஒன்றிரண்டு துளி. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு எலிமென்ட்டும் அந்த ஒன்றிரண்டு துளியை நிமிடத்துக்கு 1,000 முறை ஒரே அளவாகக் கொடுத்தாக வேண்டும்.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள சந்து இரண்டு முதல் நான்கு மைக்ரான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். சந்தை அடைக்க வாஷரோ ரப்பரோ கிடையாது. உலோகத்தோடு உலோகம் பொருந்தி நிற்பதே அடைப்பு. அதனால் ஒவ்வொரு பிளஞ்சரையும் அதனதன் பேரலோடு சேர்த்தே தேய்த்துப் பொருத்துவார்கள். ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட்டால் வேலை செய்யாது, இரண்டும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்தவையாக இருந்தாலும். வழவழப்புக்குத் தனி எண்ணெயும் இல்லை. ஓடும் டீசலே அந்தச் சந்தில் படிந்து காக்கிறது. டீசலில் ஒரு துளி தண்ணீரோ நுண்மணலோ வந்தால் என்ன ஆகும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதனால்தான் பம்பு வேலை பணிமனையின் மற்ற வேலைகளிலிருந்து பிரிந்து போனது. கியர் பாக்ஸைத் தரையில் சாக்கு விரித்துக் கழற்றலாம். எலிமென்ட்டைக் கழற்றும் இடத்தில் தூசி பறக்கக் கூடாது, பஞ்சுக் கழிவால் துடைக்கக் கூடாது, உள்ளங்கை வியர்வை பட்ட பிளஞ்சரை அப்படியே இரவு வைத்தால் காலையில் துருவின் நிழல் தெரியும். கடற்கரைக் காற்றும் ஆண்டில் பாதி மழையும் உள்ள ஊரில் இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. பெரிய பேருந்துக் கழகங்களின் பணிமனைகளில் பம்புக்கென்று கதவடைத்த அறை இருப்பதற்கும், அங்கே வேலை பார்ப்பவரின் உடுப்பு மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருப்பதற்கும் காரணம் அந்தஸ்து அல்ல, அந்த நான்கு மைக்ரான். என்றாலும் அந்தஸ்தும் கூடவே வந்தது என்பதை மறுக்க முடியாது.

அறையின் நடுவில் டெஸ்ட் பெஞ்ச். மோட்டார் பம்பைச் சுழற்றும். ஒவ்வொரு குழாயின் முனையிலும் அளவு பார்த்து வைத்த ஒரு நாசில், அதன் கீழே கோடு போட்ட கண்ணாடிக் குழல். 100 குத்தோ 200 குத்தோ எண்ணி நிறுத்தினால் ஆறு குழலிலும் எண்ணெய் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சில விழுக்காட்டுக்குமேல் ஏற்ற இறக்கம் இருந்தால் எலிமென்ட்டின் பிடியைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்வார்கள். இது அளவு. அடுத்தது நேரம்: ஆறு எலிமென்ட்டும் ஒன்றிலிருந்து ஒன்று 60 பாகை இடைவெளியில் பீச்சத் தொடங்க வேண்டும், அரைப் பாகைக்குமேல் பிசகக் கூடாது. கடைசியில் கவர்னர். வேகம் எல்லை மீறும்போது சுழலும் எடைகள் விரிந்து ராக்கைப் பின்னுக்கு இழுக்கின்றனவா, ஐட்லிங்கில் அணைய விடாமல் முன்னுக்குத் தள்ளுகின்றனவா என்று பார்த்து, முழு டீசல் திருகை வைத்துக் கம்பி போட்டு ஈயத்தில் சீல் அடித்தால் வேலை முடிந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்துச் சரக்குக்குக் கப்பலில் இடமில்லை. பெட்ரோல் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி இருப்பதால் எந்த வாயுவையும் ஒருவாறு கொளுத்திவிடலாம். பம்பை நம்பிய டீசல் எஞ்சினுக்கு அந்தச் சலுகை கிடையாது. டீசலும் வேண்டும், எலிமென்ட்டும் வேண்டும். இரண்டும் அயலகச் சரக்கு.

அந்த முடிச்சு அவிழ்ந்தது பெங்களூரில். பாஷின் பங்கோடு 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1953-லிருந்து அங்கே பிளக்குகளையும் டீசல் பீச்சும் கருவிகளையும் செய்யத் தொடங்கியது. சுருக்கப் பெயர் மைக்கோ. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்ட், ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாடா-மெர்சிடிஸ் பென்ஸ், சென்னையிலேயே பெர்கின்ஸ் எஞ்சின் செய்த சிம்ப்சன் என்று 1950-களில் இந்திய டீசல் வண்டி உருவானபோது மைக்கோ என்பது நிறுவனப் பெயர் என்ற நிலையைத் தாண்டிப் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. 2008-ல் நிறுவனம் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பட்டறைகளின் பலகை மாறவில்லை. பழைய மெக்கானிக் இன்றும் மைக்கோ பம்பு என்றுதான் சொல்வார்.

இதற்கிடையில் சாலையின் நடுவே ஒரு எல்லை விழுந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. முதல் தடமான திருவனந்தபுரம்–நாகர்கோவில் களியக்காவிளையில் இரண்டாகப் பிரிந்து, இரு மாநிலப் பேருந்துகளும் ஓடும் தடமானது. குமரி மாவட்டத்தில் இன்றும் அரசுப் பேருந்தே பிரதானம் என்பது திருவிதாங்கூர் விட்டுச்சென்ற வழக்கம். கேரளப் பக்கம் துறை 1965-ல் கழகமானது. இரு நகரங்களுக்கும் இடையே ரயில் வந்தது 1979-ல். அதுவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சாலையில் ஆளும் பார்சலும் நகர்ந்ததெல்லாம் பெரும்பாலும் டீசல் பம்பின் தயவில். எல்லை பிரித்த பணிமனைகளைச் சொற்கள் பிரிக்கவில்லை. நாசில், ராக், எலிமென்ட் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. இழுவை இல்லை என்று மார்த்தாண்டத்தில் சொல்வதை நெய்யாற்றின்கரையில் வலிவில்லை என்பார்கள். ஆயுள் முடிந்த வண்டியை இரு மொழியும் கண்டம் செய்தது என்றே சொல்லும். அது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

பம்பு கெடுவதை அறியும் முறை இந்தச் சாலையில்தான் பழகிப் படிந்தது. புகையிலிருந்து தொடங்குவது வழக்கம். கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல்: பம்பு அதிகம் கொடுக்கலாம், நாசில் சிதறாமல் ஒழுகலாம், அல்லது வெறுமனே ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெண்புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது: நேரம் பிந்தியிருக்கும், இல்லையேல் ஒரு சிலிண்டரில் அமுக்கம் போதவில்லை. நீலப்புகை எஞ்சின் ஆயிலின் வேலை. அதற்குப் பம்பைக் கழற்றுவது வீண் செலவு. நேரம் முந்தியிருந்தால் புகையைவிடச் சத்தம் முதலில் சொல்லும், சுத்தியலால் தட்டுவது போல ஒரு வறண்ட அடி. ஐட்லிங்கில் எஞ்சின் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் கவர்னரிலோ ராக்கிலோ பிடிப்பு. சமதளத்தில் ஓடிவிட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் டீசல் போதவில்லை. திருவனந்தபுரத்தில் அதற்கு இயற்கையே ஒரு சோதனைச்சாலை கொடுத்திருக்கிறது: பொன்முடி மலைச்சாலை, 22 கொண்டை ஊசி வளைவு. பம்பு வேலை முடிந்த வண்டியைப் பற்றி பெஞ்ச் சொல்லாததை அந்த ஏற்றம் சொல்லிவிடும்.

அறிகுறி தெரிந்தபின் தேடும் வரிசைதான் தொழிலின் உயிர். அனுபவசாலி பம்புக்குக் கடைசியில்தான் வருவார். முதலில் டேங்கு: டீசல் இருக்கிறதா, மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா. பிறகு ஃபில்டர், தண்ணீர் படியும் கிண்ணம். பிறகு டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பு. கை பிரைமரை அழுத்தினால் கை கனக்க வேண்டும். ஏர் பிடித்திருந்தால் ஃபில்டர் தலையிலுள்ள பிளீடிங் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடிப்பார்கள். பம்பு போய்விட்டது என்று பட்டறைக்கு இழுத்துவரும் வண்டிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே கிளம்பிப் போய்விடும். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு செம்பு வாஷர் நசுங்கியிருந்தால் போதும்; டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அதற்கடுத்தது ஒவ்வொரு சிலிண்டராக விசாரிப்பது. எஞ்சின் ஓடும்போதே ஒரு பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை நிறுத்தம் செய்யும். ஓட்டம் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்று பொருள். பைப்பின் மேல் இரு விரல் வைத்து ஒவ்வொரு குத்தின் அடியையும் உணர்வது இன்னும் பழைய வித்தை. வைத்தியர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. குற்றவாளிச் சிலிண்டர் தெரிந்ததும், நாசிலைத் தாங்கும் அதன் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு இன்ஜெக்டரோடு கூடவே போனால் நாசில். இடத்திலேயே நின்றால் பம்பின் அந்த எலிமென்ட், டெலிவரி வால்வு, அல்லது சிலிண்டரின் அமுக்கம். இந்த ஒரே மாற்றத்தில் பம்பு விடுதலையானது எத்தனையோ முறை. நாசிலைக் கைப்பிடிச் சோதனைக் கருவியில் அடித்துப் பார்க்கும்போது மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு: பீச்சலின் முன்னே கை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக் குத்து போலத் தெரிவது உள்ளே விரலையே இழக்க வைக்கும் காயம்.

உண்மையிலேயே தேய்ந்த பம்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சிலதான். வரிசைப் பம்பின் அடியிலுள்ள ஆயில் அளவு தானாகக் கூடும், தொட்டு முகர்ந்தால் டீசல் வாசனை அடிக்கும். எலிமென்ட்டைத் தாண்டியோ ஃபீட் பம்பிலிருந்தோ டீசல் ஒழுகி இறங்கியிருக்கிறது. எஞ்சின் ஆயிலோடு சேர்ந்து மசகு பெறும் பம்பாக இருந்தால் எஞ்சின் ஆயிலே நீர்த்துவிடும், அங்கே கெடுவது பேரிங். எல்லாவற்றிலும் பயங்கரமானது ராக் முழு டீசலில் மாட்டிக்கொள்வது. டீசல் எஞ்சினில் சாவியைத் திருப்பி அணைக்கத் தீப்பொறி இல்லை. பழைய பேருந்துகளில் ஸ்டாப் கேபிளை இழுத்தால்தான் ராக் பின்வாங்கி எஞ்சின் நிற்கும். ராக்கே மாட்டிக்கொண்டால் கேபிள் என்ன செய்யும்? எஞ்சின் அலறிக்கொண்டே வேகம் ஏறும். அப்போது டீசலை வெட்டுவது அல்லது காற்று வாயைப் பலகையால் அடைப்பது ஒன்றே வழி, கையாலோ துணியாலோ அல்ல. எஞ்சின் இரண்டையும் உள்ளே இழுத்துவிடும்.

பம்பின்மேல் நடந்த குற்றங்களில் பாதி அதன் ஈய சீலை உடைத்துச் செய்தவை. சீலை உடைத்து முழு டீசல் திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் வண்டி துள்ளி ஏறும்; ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. கரும்புகையும் டீசல் செலவும் பிஸ்டன் சூடும் பிறகு வரும், அவை வேறொருவர் கணக்கு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் டீசல் புகைக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று வரம்பு வைத்தபோதுதான் அந்தத் திருகு மீண்டும் கணக்கில் வந்தது. ஹார்ட்ரிட்ஜ் என்பது புகைமானி செய்த ஆங்கிலேயக் கம்பெனி. பம்பு அறைகளின் டெஸ்ட் பெஞ்ச்சுகளையும் செய்தது அதுவே. பம்பைச் சரிபார்த்த பெயரே அதன் புகைக்கும் அளவுகோலானது தற்செயல் இல்லை.

பேருந்தைத் தாண்டி ஊருக்குள் பம்பு பரவியது 1980-களில், டீசல் அம்பாசடர் டாக்சியோடு. அதில் இருந்தது வரிசைப் பம்பு அல்ல, சி.ஏ.வி.யின் டி.பி.ஏ. என்ற உருண்டைப் பம்பு. அமெரிக்கரான வெர்னன் ரூசாவின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்து 1956-ல் வந்தது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே சுழலும் தலை, அதற்கு முழு மசகும் டீசலே. மலிவு, சிறியது, ஆனால் மன்னிக்கத் தெரியாதது. வரிசைப் பம்பில் தண்ணீர் புகுந்தால் ஒரு எலிமென்ட் போகும். இதில் தலை பிடித்துக்கொண்டால் வண்டி நடுவழியில் நின்றது நின்றதுதான். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவ மழையில் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் கசிந்த பங்க்கும், பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவெல்லாம் வியர்க்கும் ஈரமும் இந்தப் பம்புக்குப் பகை. மானியவிலை மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலை இடைவெளி அகன்றிருந்த நாட்களில் கலப்படமும் சேர்ந்துகொண்டது. மண்ணெண்ணெய் எரியும், ஆனால் வழுக்காது.

இந்த வகைப் பம்பின் தேய்மானத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் ஒரே சுற்றில் கிளம்பும் வண்டி, தம்பானூர் வரை ஓடிச் சூடேறி நின்றபின் கிளம்ப மறுக்கும். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த சந்து வழியே பின்னோக்கி ஒழுகிவிடுகிறது. ஸ்டார்ட்டர் சுழற்றும் மெதுவான வேகத்தில் அழுத்தம் எழாது. பம்பின் தலைமேல் ஈரத் துணியைச் சற்று நேரம் போட்டுவைத்துப் பார்ப்பார்கள். குளிர்ந்ததும் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம், தலையை மாற்ற வேண்டியதுதான். துணிதான், வாளித் தண்ணீர் அல்ல. சுட்ட இரும்பில் குளிர்நீர் ஊற்றினால் இருக்கிற தலையும் பிடித்துக்கொள்ளும். விலையில்லாத இந்தச் சோதனை அளவுக்குத் துல்லியமான கருவி பல பட்டறைகளில் வேறு இருந்ததில்லை. 1998 கடைசியில் வந்த டாடா இண்டிகாவிலும் 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸிலும் இருந்த வி.ஈ. என்ற வகை உருண்டைப் பம்புக்கும் அதே துணி பொருந்தியது.

நெய்யாற்றின்கரைக்கு அருகே ஆறாலும்மூட்டில் 1978-ல் தொடங்கிய மாநில அரசின் கேரள ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் மூன்று சக்கர வண்டிகளைச் செய்தது. டீசல் ஆட்டோ கேரளத் தெருக்களை நிறைத்தபோது ஒற்றை எலிமென்ட் பம்பும் தெருமுனைப் பட்டறைக்கு வந்தது. அதை வைத்தே பலர் தொழில் பழகினார்கள். கடலிலும் டீசல் ஏறியது, ஆனால் திருவனந்தபுரக் கரையில் அல்ல. 1953-ல் இந்தோ-நார்வேத் திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் எஞ்சின் படகுகளைக் கொண்டுவந்தது. விழிஞ்ஞம் பக்கத்துக் கட்டுமரங்களும் சிறு வள்ளங்களும் பின்னாளில் மண்ணெண்ணெய் அவுட்போர்டு மோட்டாரைத் தேர்ந்துகொண்டன. அதனால் உப்பு அரித்த பம்பின் அனுபவம் இந்த ஊருக்கு அதிகம் வாய்க்கவில்லை.

அடுத்த மாற்றம் சட்டத்தின் வழியே வந்தது. 1990-களின் நடுவில் இந்திய டீசலில் கந்தகம் ஒரு விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்தது. 2000-ல் அது 2,500 பி.பி.எம். ஆனது, 2005-ல் 500, பாரத் ஸ்டேஜ் என்ற மாசு வரம்பின் 3-ஆம் படியில் 350, 4-ல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் 10. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு டீசலின் இயல்பான வழவழப்பையும் சேர்த்தே கழுவிவிடுகிறது. அதை ஈடுசெய்ய மசகுச் சேர்மானம் கலந்து, உரசல் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று தரவிதியும் வைக்க வேண்டியதாயிற்று. பம்பின் வடிவமும் மாறியது. காமன் ரயில் முறையில் பம்பு அளக்காது, நேரம் பார்க்காது; ஒரு பொதுக் குழாயில் 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. எப்போது, எவ்வளவு என்பதைக் கணினி இன்ஜெக்டருக்குச் சொல்கிறது. ஆனால் அசோக் லேலண்ட் வரிசைப் பம்பைப் பாரத் ஸ்டேஜ் 4 வரை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தது. பழைய கைகளுக்குத் தெரிந்த பம்பு என்பது அந்த வண்டிகளின் விற்பனைக்கு உதவிய ஒரு காரணம். பாரத் ஸ்டேஜ் 6-ல் அதுவும் முடிந்தது.

காமன் ரயிலில் பழைய விசாரணை முறை செல்லாது, ஆபத்தும்கூட. ஓடும் எஞ்சினில் பைப் நட்டைத் தளர்த்துவது இங்கே தற்கொலைக்குச் சமம். நாடி பார்த்த விரலின் இடத்தில் ஸ்கேனர் வந்தது: ரயில் அழுத்தம் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, ஸ்டார்ட் செய்யும்போது எத்தனை நொடியில் ஏறுகிறது என்று எண்களாகக் காட்டும். இன்ஜெக்டர்களின் திரும்புக் குழாய்களைத் தனித்தனிக் குப்பிகளில் விட்டு எது அதிகம் ஒழுகுகிறது என்று பார்க்கும் சோதனை மட்டும் பழைய கண்ணாடிக் குழல்களின் உறவு. அழுத்தம் ஏறவில்லை என்ற எச்சரிக்கை வந்ததும் பம்பை மாற்றச் சொல்லும் பழக்கமும் தொடர்கிறது. காரணம் பல முறை ஒழுகும் ஒரு இன்ஜெக்டரோ அடைத்த ஃபில்டரோதான். பம்பே உள்ளுக்குள் உதிர்ந்திருந்தால் கதை வேறு: உலோகத் துகள் ரயில், பைப், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் பரவியிருக்கும், டேங்கு வரை கழுவாமல் புதுப் பம்பு மட்டும் போட்டால் அதுவும் சில நாளில் அதே வழியில் போகும். ஃபில்டரை வெட்டிக் காந்தம் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்ற மத்திய விதி வந்தபின், வரிசைப் பம்பு பூட்டிய பழைய அரசுப் பேருந்துகள் கண்டத்துக்குப் போகும் வேகம் கூடியது. திருவனந்தபுரம் நகரச் சுற்றுத் தடங்களில் 2022 முதல் மின்பேருந்து ஓடுகிறது. ஆறாலும்மூட்டில் ஆட்டோ செய்த அதே அரசு நிறுவனம் 2019-ல் நீம் ஜி என்ற மின் ஆட்டோவை வெளியிட்டது. பம்பு பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறைகளுக்கு இப்போது வேலை வருவது டிப்பர் லாரி, பழைய ஜீப், மின்வெட்டுக்கு நிற்கும் ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து. கடைசிச் சரக்கு ஆண்டில் சில மணி நேரமே ஓடுவது. அதன் பம்பு தேய்ந்து கெடுவதில்லை, டேங்கில் கிடந்து பழசான டீசல் பிசினாகி ராக்கும் பிளஞ்சரும் ஒட்டிக்கொண்டு கெடுகிறது. அதற்கு எலிமென்ட் மாற்ற வேண்டியதில்லை. கழற்றிக் கழுவி, பெஞ்ச்சில் ஏற்றி அளவு பார்த்து, புது டீசல் ஊற்றினால் போதும்.